மைனஸ் 80-உம் மல்லாட்டையும்

விழுப்புரத்துப் பிள்ளை ஸ்வீடனில் ஆய்வுக்குப் போனால், குளிரைக்கூடச் சமாளித்துவிடுவான். கரண்ட் போகாத ஆய்வகத்துக்குப் பழகுவதுதான் பாடு. பி.சி.ஆர். கருவியை ஓடவிட்டு, முடியும்வரை குலதெய்வத்தைக் கும்பிட்ட பழக்கம் லேசில் விடுமா? டீயை ஆய்வு மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. தனி அறை உண்டு. அங்கே பேராசிரியர் தன் கோப்பையைத் தானே கழுவுவார். அவரைப் பேர் சொல்லி வேறு கூப்பிட வேண்டும்! ‘சார்’ தொண்டைவரை வந்து திரும்பும்.

அங்கே மாதிரிகளை வைக்கும் உறைபெட்டி மைனஸ் 80 டிகிரி, சித்திரையில் நம்மூர் 40. இந்தக் கருவிகளெல்லாம் இல்லாமலே திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் டி.எம்.வி. 2 மல்லாட்டை (நிலக்கடலை) ரகத்தைக் கொடுத்தது. இதை அந்த ஆய்வகத்தில் சொல்லிப் பாருங்கள்: “எந்தக் கருவி? முன்பதிவு செய்தது யார்?” என்பார்கள்.