பாரிஸுக்குப் போன மாங்காய்

உயர் ஃபேஷனைக் கலை என்கிறார்கள். தோட்டத்து அம்மாக்கள் கட்டும் சேலைக்கும் பாரிஸுக்கும் என்ன உறவு?
— வாசகி, கோலசிலாங்கூர்

ஊர்ப் பெயரிலேயே கோலத்தை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்கலாமா?

சேலைக் கரையில் இருக்கும் மாங்காயைப் பாருங்கள். பாரசீகத்தில் அது பூங்கொத்து, நமக்கு மாங்காய். காஷ்மீர்ச் சால்வையில் ஏறி ஐரோப்பா போனது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் அந்தச் சால்வையைப் பார்த்துப் பார்த்து நெய்து குவித்தன. ஃபேஷன் உலகில் இன்று அந்த வடிவத்துக்குப் பெயரே ‘பெய்ஸ்லி’! இத்தாலியின் எட்ரோ நிறுவனம் 1980களிலிருந்து அதையே தன் அடையாளமாக வைத்திருக்கிறது. மாங்காய் அதேதான், விலாசம்தான் மாறிவிட்டது.

அப்பாவின் கட்டம் போட்ட கைலியுமா கலை?
— வாசகர், புக்கிட் ரோத்தான்

பக்கத்து மலாய்க்காரரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். ‘காயின் பெலிக்காட்’ என்பார். பெலிக்காட் எந்த ஊர்? சென்னைக்கு வடக்கே இருக்கும் நம் பழவேற்காடு!

கையால் பூத்தையல் போடுகிறவர்களுக்குப் பெரிய மேடை கிடைக்குமா?
— வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

கிடைத்தது. 2023 மார்ச் 30, மும்பை ‘கேட்வே ஆஃப் இந்தியா’. பாரிஸின் டியோர் நிறுவனம் அங்கே தன் ஆடைகளைக் காட்டியபோது, வாசலில் தொங்கியது பிரம்மாண்டமான ஒரு தோரணம். மும்பை சாணக்யா பட்டறைக் கலைஞர்கள் கையால் தைத்தது. ஆடைகளின் பூவேலையிலும் அவர்கள் கைதான்.

மாரியம்மன் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் பின்னும் தோட்டத்துப் பெரியவர்களிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். முடிச்சு சரியா என்று அவர்கள் சொல்வார்கள்.