ஆர்ச் இல்லாமல் முகாமா?

புதிதாகச் சேர்ந்த சாரணப் பையன்களுக்கு முதல் பயனியரிங் வேலையாக, அதாவது கம்பையும் கயிற்றையும் வைத்துக் கட்டும் வேலையாக, எதைக் கொடுக்கலாம் என்று போன வாரம் ஆலோசனைக் கூட்டத்தில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் "ஆர்ச்" என்று பதில் வந்துவிட்டது. அந்தக் கடுப்பு இன்னும் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் கட்சி முக்காலி. எங்கள் வட்டாரத்தில் எனக்கே 'முக்காலி சார்' என்றுதான் பெயர். மூன்று கம்பு, ஒரு கயிறு, மேலே கை கழுவ ஒரு பிளாஸ்டிக் பேசின். கம்புகளை அருகருகே படுக்க வைத்து, கயிற்றை மேலும் கீழுமாக ஆறேழு தடவை பின்னி, இடுக்குகளில் சுற்றி இறுக்கி, குளோவ் ஹிட்ச் போட்டு முடிக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் கால் விரியாது. தளரவிட்டால் பேசின் தண்ணீர் பையனின் டவுசரில். யாரும் திட்டவே வேண்டாம். இன்னும் காரணங்கள் இருக்கின்றன, வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஆர்ச்சைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை.

ஆர்ச் எங்கே நிற்கிறது? வெட்டவெளி மைதானத்தில். இரண்டு பக்கமும் திறந்து கிடக்க, அதற்குள் நுழைய வேண்டியவர் தலைமை விருந்தினர் ஒருவர்தான். அவர் காரில் வருகிறார். டிரைவர் ஆர்ச்சை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் ஒடித்து நேரே மேடைக்குப் போய்விடுகிறார். அந்த ஆர்ச்சின் தரத்தைச் சரியாக மதிப்பிட்ட ஒரே மனிதர் அவர்.

உயரம் பன்னிரண்டு அடி, பையன் நாலரை அடி. ஆகவே மேலே ஏறிக் கட்டுவது பந்தல்காரர். கயிற்று நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சவுக்குக் கம்பில் நாலு சுற்று சுற்றி ஒரு இழுப்பு; அசையாது. நம் பையன்கள் கீழே கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெயிலில் தூணாக நிற்பது சாரணர் படிநிலைகளில் பிரதம சோபானில் வருகிறதா, த்விதீய சோபானிலா?

"சார், நாங்க எப்ப சார் கட்டுறது?"

"ஆடாமப் பிடிடா மொதல்ல."

கயிறு நைலான். முடிச்சு நழுவும். ஆனால் மஞ்சளாக, போட்டோவில் பளிச்சென்று இருக்குமாம்.

கடைசியில் ஃப்ளெக்ஸ் வருகிறது. விருந்தினர் ஆளுயரத்துக்கு, தாளாளர் அரை ஆள், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தபால்தலை அளவுக்கு. அதைப் போர்த்தியபின் ஒரு கட்டும் வெளியே தெரியாது. ஸ்கொயர் லேஷிங் என்றால் நிற்கும் கம்பில் குளோவ் ஹிட்ச்சில் தொடங்கி, மூன்று சுற்று சுற்றி, இரு கம்புக்கும் நடுவே இரண்டு சுற்று இறுக்கி, குறுக்குக் கம்பில் முடிக்க வேண்டும். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் அப்படித்தான் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். பைண்டிங் கம்பி! முறுக்கிவிட்டிருந்தார்கள்.

1907இல் பிரவுன்ஸீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது பையன்களோடு முகாம் போட்டபோது ஆர்ச்சா கட்டிக்கொண்டிருந்தார் என்று கூட்டத்தில் கேட்டேன். "அப்ப ஃப்ளெக்ஸ் இல்லையே சார்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

முக்காலிக்கான மற்ற காரணங்களுக்கு இங்கே இடமில்லை. தலைமை விருந்தினராகப் போகும் பெரியவர்களுக்கு மட்டும் ஒரு விண்ணப்பம்: அழைப்பிதழ் வந்ததும், "எனக்கு ஆர்ச் வேண்டாம், கை கழுவ ஒரு பேசின் போதும்" என்று ஒரு போன் போட்டுவிடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். நீங்கள் சொன்னால் அன்றைக்கே கட்டிவிடுவார்கள்.