என்கிட்டயா கேக்குற, என்ன பாடம் எடுக்குறதுன்னு?

ஓ.எல். ரிசல்ட் நல்லா வந்துருச்சாமே கண்ணு, சந்தோசம். ஆனா ஏ.எல்.லுக்கு நீ என்ன பாடம் எடுக்கணும்னு இந்தத் தோட்டத்துல என்னையும் உன்னையும் தவிர எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உங்கப்பன் டாக்டருங்கிறான். உங்கம்மா டீச்சருங்கிறா. கோயில் தலைவர் சட்டம் படிக்கச் சொல்றாராம். அவருக்கு ஒரு காணி வழக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கு, ஃபீஸ் மிச்சம் பாக்குறாரு.

இப்ப என் பங்குக்கு நானும் ஏதாவது சொல்லணுமாக்கும். நான் கவ்வாத்துக் கங்காணி. படிச்சது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு. ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், அவரும் பாதி நாள் ஆபீசுல தொரைக்குக் கடுதாசி எழுதிக்கிட்டு இருப்பாரு. அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே எழுபதுகள்லதான். ஆனா பேரப்புள்ளைக ஏ.எல். எழுதுன வருசமெல்லாம் அந்தப் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எனக்கு வாசிச்சுக் காட்டியிருக்குக. கண்ணு மங்கினவனுக்குக் காது கூர்மை.

முதல்ல சுலபமான வழியைச் சொல்றேன். உன் சிநேகிதி எந்தப் பாடம் எடுக்குறாளோ அதையே நீயும் எடுத்துரு. பசறை ரோட்டுல காலையில நெரிசல் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போகத் துணை ஆச்சு. அது சரிவரலேன்னா பதுளை பஸ் ஸ்டாண்டைச் சுத்தி ரியூசன் பேனர் கட்டியிருக்கான் பாரு, எந்த மாஸ்டர் படம் பெருசா இருக்கோ அந்தப் பாடம். ரெண்டுமே நம்ம பக்கத்துல நல்லாப் பழகின முறை.

இன்னொரு முறையும் இருக்கு. ஈஸியான பாடம்! மூணு ஈஸியான பாடமா எடுத்தா மூணு ஏ வரும், மூணு ஏ வந்தா கேம்பஸ். இதை உங்க சித்தப்பன் மதகுல உக்காந்து சத்தியம் பண்ணிச் சொல்லுவான். அவன் ஏ.எல். எழுதினதில்ல, அதனால தைரியமாச் சொல்லுவான்.

இங்கதான் கண்ணு கொஞ்சம் கவனமாக் கேக்கணும். 2001லேர்ந்து கேம்பஸுக்கு ஆள் எடுக்குறது இசட் ஸ்கோரை வச்சு. நீ எத்தனை மார்க் எடுத்தேங்கிறதை மட்டும் அவன் பாக்க மாட்டான். அந்தப் பாடத்துல நாடு முழுக்க எழுதினவங்க சராசரியிலேர்ந்து நீ எவ்வளவு தூரம் தள்ளி நிக்கிறேன்னு பாப்பான். உங்க பாட்டி கொழுந்து நிறுவைக்கு நின்ன கதைதான். மழை விட்டுக் கொழுந்து தள்ளுற மாசத்துல எல்லாரும் இருபத்தஞ்சு கிலோ கொண்டாருவாங்க. நீயும் இருபத்தஞ்சு கொண்டாந்தா கணக்கப்பிள்ளை நிமிந்துகூடப் பாக்க மாட்டாரு. கச்சான் காத்து அடிச்சு மலை காஞ்சு கெடக்கயில மத்தவங்க கூடையில பத்துக் கிலோ, உன் கூடையில பதினஞ்சுன்னா, அன்னைக்குப் பூராவும் உன் பேச்சுத்தான்.

எண்ணுல வேணுமா? சும்மா ஒரு கணக்குக்குச் சொல்றேன். ஒரு பாடத்துல சராசரி 60, நியம விலகல் 10. நீ 70 எடுத்தா சராசரியை விடப் பத்து கூட, அதை விலகலால பிரிச்சா இசட் 1. இன்னொரு பாடத்துல சராசரி 40, விலகல் 12. நீ 58தான் எடுத்தேன்னு வை, இசட் 1.5. எழுபதை விட ஐம்பத்தெட்டு பெருசாப் போச்சு பாத்தியா. இப்படி மூணு பாடத்துக்கும் எடுத்து, கூட்டி, மூணால பிரிச்சா வர்றதுதான் உன் தலையெழுத்து. அதனால எல்லாருக்கும் ஈஸியான பாடம் உனக்கு ஒண்ணும் கூட்டித் தராது. அதுக்காகக் கஷ்டமான பாடத்தைத் தேடிப் போய் முட்டிக்காத. அந்தப் பக்கம் உக்காந்திருக்கவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. உனக்கு எது மத்தவங்களை விட நல்லா வருதோ அது. அதைக் கண்டுபிடிக்க சித்தப்பன் வேணாம், உன் பழைய கொப்பி போதும்.

அடுத்தது பிறவி ஆர்வம். நம்ம புள்ளைகளுக்கு இருக்கிற பிறவி ஆர்வத்தைப் பாத்து நானே அசந்து போயிருக்கேன். கலைப்பிரிவு மட்டும் இருக்கிற பாடசாலையில படிச்ச அத்தனைக்கும் தமிழ், இந்து நாகரிகம், புவியியல்லதான் ஆர்வம். எங்க பௌதிகவியலுக்கு டீச்சர் இல்லையோ, அங்க ஒத்தப் புள்ளைக்கும் பௌதிகவியல் புடிக்காது. என்ன ஒத்துமை! தமிழ்ல விஞ்ஞானமும் கணிதமும் ஏ.எல். வரைக்கும் ஒழுங்கா நடக்குற பாடசாலை ஊவாவுல ரொம்பக் கொறவு. 2015 வாக்குல மலையகப் பாடசாலைகளுக்குன்னு ஆசிரிய உதவியாளரா ஆயிரக்கணக்குல புள்ளைகளை எடுத்தாங்க, மாசம் 6,000 ரூபா கொடுப்பனவுல. அந்தக் காசு பஸ்ஸுக்கும் மத்தியானச் சோத்துக்குமே பத்தாது, ஆனா அவங்க படிப்பிக்கணும், நம்ம புள்ளைக விஞ்ஞானியாகணும். மேடையில பேசுறவங்க கொழுந்துக் கூடையிலேர்ந்து கோட்டு சூட்டுன்னு சொல்லுவாங்க. இடையில இரசாயனவியல் டீச்சர் ஒருத்தர் வேணுமேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதனால உங்க ஸ்கூல்ல அந்தப் பிரிவு இல்லேன்னா உனக்கு மூளை இல்லேன்னு நெனச்சுக்காத. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ மாறிப் போகணுமா, அட்டன் பக்கம் விடுதி கெடைக்குமான்னு இப்பவே விசாரி. ஆனா மாறுறதுக்கு முன்னாடி ஒண்ணு. நீ எந்த மாவட்டத்துப் புள்ளைங்கிறதை, கடைசி மூணு வருசம் எந்தப் பாடசாலையில இருந்தேன்னு பாத்துத்தான் தீர்மானிப்பாங்க. மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டத்துக்கு, மிச்சம் 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கின பட்டியல்ல பதுளையும் உண்டு, மொனராகலையும் உண்டு. பெருமைப்படுற விசயமில்ல, ஆனா பிரயோசனமான விசயம். கொழும்புக்கு வெட்டுப்புள்ளி ஒரு உசரத்துல நின்னா நமக்குக் கொஞ்சம் கீழ நிக்கும். இது தெரிஞ்சதும் வெளியூருப் பெரிய வீட்டுப் புள்ளைக சிலதுக்கு நம்ம குளிரு மேல, நம்ம ரொட்டியும் கட்டைச் சம்பலும் மேல திடீர்க் காதல் வந்து, இங்க வந்து பதிஞ்சு பரீட்சை எழுதுறாங்க. மலையகத்துல எத்தனையோ வருசமா இந்தப் புலம்பல் இருக்கு. அவங்க நம்ம மாவட்டத்துக்கு ஓடி வர்ற நேரத்துல நீ கொழும்புக்கு ஓடிறாத.

சரி, உங்கப்பன் டாக்டருங்கிறானே. மருமகனே, நீயும் இப்படி வா. புள்ளை உயிரியல் பக்கம் போனா இரசாயனவியலும் பௌதிகவியலும் சேத்து எடுத்தாத்தான் மருத்துவம். பௌதிகவியலைக் கண்டு பயந்து அந்த எடத்துல விவசாய விஞ்ஞானத்தைப் போட்டா மருத்துவக் கதவு அன்னைக்கே சாத்திரும். விவசாய பீடம் தொறந்திருக்கும். அது கெட்ட கதவுமில்ல, ஆனா எதைச் சாத்துறோம்னு தெரிஞ்சு சாத்தணும். கணிதப் பக்கமும் அதே கதைதான். இரசாயனவியலை விட்டுட்டு தகவல் தொழில்நுட்பத்தை எடுத்தா பௌதிக விஞ்ஞானப் பட்டத்துக்குப் போகலாம், என்ஜினியர் பீடத்துக்குப் போக முடியாது. பதினாறு வயசுல ஒரு படிவத்துல போடுற கோடு, ரெண்டு வருசம் கழிச்சு நிக்க வச்சுக் கேள்வி கேக்கும். நம்மாளுக படிவத்தை நிரப்பிட்டுக் கைநூலை வாங்குறாங்க. நீ கைநூலைப் பின்பக்கத்துலேர்ந்து படி. எந்தப் படிப்பு வேணும்னு பாரு, அதுக்கு என்ன பாடம் கேக்குறான்னு பாரு, ஓ.எல். கணிதத்துலயும் ஆங்கிலத்துலயும் சி கேக்குறானான்னு பாரு. அப்புறமா வந்து பாடத்துல கோடு போடு.

தொழில்நுட்பப் பிரிவுன்னு ஒண்ணு 2013லேர்ந்து இருக்கு. அது மெக்கானிக் வேலைதானேன்னு உங்கப்பன் மூக்கைச் சுளிப்பான். பொறியியல் தொழில்நுட்பம், உயிர்முறைமைத் தொழில்நுட்பம்னு ரெண்டு வழி, ரெண்டுக்கும் பட்டம் இருக்கு. ஆனா அதுல போயி என்ஜினியர் பீடத்துக்கு வந்துறலாம்னு யாராவது சொன்னா நம்பாத, அது வேற ரோட்டு. கலைப்பிரிவையும் நான் மட்டம் தட்டல. நல்ல இசட் இருந்தா கலையிலேர்ந்தும் சட்டத்துக்குப் போகலாம், பத்தனையில ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியும் இருக்கு. வேற போக்கிடம் இல்லேன்னு கலைக்குப் போறவளையும், வரலாறுன்னா உசுருன்னு போறவளையும் மூணாம் மாசமே கொப்பியைப் பாத்துப் பிரிச்சுச் சொல்லிறலாம். எதுக்குப் போனாலும் ஏ.எல்.லோட சேத்து வைக்கிற பொதுச் சாதாரண பரீட்சையில 30 புள்ளியாவது எடுக்கணும். அதை யாரும் படிக்கிறதில்ல. ரிசல்ட் அன்னைக்கு அழுவாங்க.

இன்னொரு வேடிக்கை கேளு. பசறை ரோட்டுல ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005லேர்ந்து இருக்கில்ல, அங்க விஞ்ஞானம் படிச்ச புள்ளைகளுக்குத் தேயிலைத் தொழில்நுட்பத்துலயே ஒரு பட்டப்படிப்பு வச்சிருக்கான். நாலு வருசம் தேயிலையைப் படிச்சா பட்டம், நாப்பது வருசம் பறிச்சா முதுகுவலி. உங்க பாட்டிக்கு இதைச் சொன்னேன். "அங்க மட்டக்கம்பு புடிச்சா கொழுந்து பறிப்பாங்க?"ன்னா. நான் சிரிச்சேன். ஆனா நம்ம புள்ளைககிட்ட அந்தப் பட்டத்தைச் சொன்னா மூஞ்சி சுருங்குது. தேயிலையை விட்டு ஓடத்தானே தாத்தா படிக்கிறோம்ங்குதுக. ஞாயந்தான். ஆனா தேயிலை ருசி பாத்து வெல சொல்றவன் காரை நீ பாத்தியா? நான் பாத்திருக்கேன், இஸ்டோருக்கு முன்னால நிக்கும். தொடைச்சு வச்சதும் நாந்தான்.

கடைசியா அந்த விருப்ப ஒழுங்கு. ஏ.எல். முடிஞ்சு படிப்புகளை ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா எழுதிக் குடுக்கச் சொல்லுவான். மேலேர்ந்து கீழ பாத்துக்கிட்டே வருவான், உன் புள்ளிக்கு எது முதல்ல எட்டுதோ அதைக் குடுத்துட்டு அத்தோட நிறுத்திருவான். அதனால ஆசைப்படுறதை மேல எழுதணும், கெடைக்கும்னு நெனக்கிறதைக் கீழ எழுதணும். சொன்னா சின்ன விசயம். கீழ்ப்பிரிவுல ஒரு பய இருந்தான், நல்ல கெட்டிக்காரன். பெருசு வேணும்னு ஆசை, ஆனா சின்னதைத்தான் முதல்ல எழுதுனான். வெட்டுப்புள்ளி வந்தப்ப பாத்தா பெருசுக்கே அவன் புள்ளி தாராளமாக் காணும். முதல்ல எழுதுன சின்னதைக் குடுத்துட்டாங்க. ஏன்டா இப்படிப் பண்ணுனேன்னு கேட்டேன். "எடுத்தவுடனே பெருசாக் கேட்டா ஒரு மாதிரியா நெனப்பாங்களேன்னு பாத்தேன் தாத்தா"ங்கிறான். கொழும்புல இருக்கிறது கம்பியூட்டர்டா. அதைத் தொரைன்னு நெனச்சு, தலைத்துண்டைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நின்னிருக்கான் மடப்பய.