திறக்காத ஜன்னலின் பெருமை

ஐரோப்பாவுக்குப் போகிறோம், பழைய விடுதியில் தங்குவதா, புது விடுதியில் தங்குவதா என்று என்னைக் கேட்பவர்களிடம் புது விடுதியைப் பற்றி நல்லதாகத்தான் சொல்கிறேன். வியன்னாவில் நானும் மனைவியும் அப்படி ஒன்றில் இரண்டு இரவு இருந்தோம். குறை என்று விரல் நீட்ட எதுவும் இல்லை.

2014இல் திறந்த மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றி இப்படிப்பட்ட விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. எங்களுடையதில் வரவேற்பு மேசைக்குப் பதில் ஆளுயர இயந்திரம். பயணக் களைப்போடு வருகிறவன் யார் முகத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டைக் காட்டினால் ஓர் அட்டையை நீட்டுகிறது. எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், சாப்பிட்டாயிற்றா என்ற விசாரணை கிடையாது.

அறைக்குள் அட்டையைச் சொருகியதும் விளக்கு எரிந்தது, திரை விலகியது, தொலைக்காட்சி பெயர் சொல்லி வரவேற்றது. அது வரவேற்றது என் அப்பாவை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலருக்கும் அப்பா பெயர்தானே இருக்கிறது! தஞ்சாவூர் ஜில்லாவை அதிகம் தாண்டாதவர். காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு இப்படியொரு மரியாதையை வேறு எந்த ஊரிலும் யாரும் செய்ததில்லை.

ஜன்னலைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தரையிலிருந்து கூரை வரை ஒரே கண்ணாடி, திறக்க வழியில்லை. கீழே டிராம் போகும், மணி கேட்காது. மழை பெய்யும், சாரல் வராது. எதிர்ச்சாரியில் விடியற்காலையில் ரொட்டி வேகும், வாசனை எட்டாது. ஊர் என்ன செய்தாலும் நம்மைத் தொடாது. வெளியே பெரும்பாலும் தண்டவாளங்கள்தான் தெரிகின்றன என்பதால், கட்டிலின் தலைமாட்டில் புனித ஸ்டீபன் தேவாலயத்தைச் சுவர் நிறையக் கறுப்பு வெள்ளைப் படமாக ஒட்டியிருந்தார்கள். நடந்துபோய்ப் பார்க்கும் சிரமமே வேண்டாம். அதன் தெற்குக் கோபுரம் 136 மீட்டர் உயரம். படத்தில் ஏ.சி. பெட்டி வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே கண்ணாடிதான் சுவர். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆனவர்களுக்குள் ஒளிவுமறைவு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். மனைவி தன் பருத்திச் சேலையை எடுத்து அதன் மேல் தொங்கவிட்டாள். அந்த அறையில் எங்களுடையது என்று சொல்ல அது ஒன்று வந்து சேர்ந்தது.

காபி விஷயத்திலும் நேரம் மிச்சம். வியன்னாவின் காபிக்கடை வழக்கத்தை ஆஸ்திரியா 2011இல் தன் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சின்ன உலோகத் தட்டில் காபி வரும், கூடவே ஒரு தம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீர் 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து குழாயில் வந்துகொண்டிருப்பது. ஒரே ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். அரைநாள் அங்கேயே போய்விடும். விடுதியில் அந்த ஆபத்து இல்லை. பொத்தானை அழுத்தினால் காகிதக் கோப்பை நிறைந்துவிடும். மலை ஊற்று குழாயில் கொட்டுகிற ஊரில், தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து நான்கு யூரோவுக்கு மேசைமேல் வைத்திருக்கும் அக்கறையையும் மறக்கக் கூடாது.

இதே அறையை ஹாம்பர்கிலும் பார்த்திருக்கிறேன். அதே இடத்தில் சுவிட்ச். இருட்டில் கை தானாகப் போய் அழுத்துகிறது. புதிதாகக் கட்டியதெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. 1960இல் கோபன்ஹேகனில் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் விடுதிக்கு, கட்டடத்தோடு நிற்காமல் நாற்காலி, கதவுப்பிடி, கரண்டி வரைக்கும் கட்டடக் கலைஞர் ஆர்னே யாக்கோப்சனே வடிவம் போட்டார். முட்டை ஓடு போல ஆளை அணைத்துக்கொள்ளும் அந்த நாற்காலி அங்கே பிறந்ததுதான். 606ஆம் எண் அறையை இன்றும் அன்றிருந்தபடியே வைத்திருக்கிறார்கள். எங்கள் விடுதிக்கு அந்த அகம்பாவமெல்லாம் இல்லை. யார் கட்டியது, எந்த ஊரில் கட்டியது என்ற அடையாளமே இல்லாத அடக்கம்.

வியன்னாவில் இந்தப் புது விடுதிக்கு வருவதற்கு முந்தைய இரண்டு இரவு ஒரு பழைய விடுதியில் இருந்தோம். பழையது என்றதும் இம்பீரியல், சாகர் என்று நினைக்க வேண்டாம். இம்பீரியல், வூர்ட்டம்பெர்க் கோமகனின் மாளிகையாக இருந்து 1873 உலகக் கண்காட்சிக்காக விடுதியானது. சாகர் 1876இல் வந்தது. அவை நம் கைக்கு எட்டாதவை. எங்களுடையது ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மாடியில் பத்துப் பன்னிரண்டு அறைகளை வைத்து ஓர் அம்மாள் நடத்துவது. குறை சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருக்கிறது. முதல் மாடி என்றார்கள். வியன்னாவின் பழைய கட்டடங்களில் தரைத்தளம், அதற்கு மேல் அரைத்தளம், பிறகு இடைத்தளம், அப்புறம்தான் முதல் மாடி. மூட்டுவலிக்காரியான என் மனைவி ஒவ்வொரு படியையும் எண்ணினாள். லிஃப்டில் ஆள் ஏறினால் பெட்டிக்கு இடமில்லை. ராத்திரி எழுந்தால் மரத்தரை முனகி அடுத்த அறையை எழுப்பியது. ஜன்னலில் இரட்டைக் கதவு. இரண்டுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அக்டோபர் குளிர் அதற்குள் தங்கியிருக்கும். "ஏங்க, இதுதாங்க ஃபிரிட்ஜ்" என்று மனைவி தயிர்க் கிண்ணத்தை அதில் வைத்தாள். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, தன் பாட்டி அங்கேதான் பால் வைப்பாள் என்றார்.

வந்த அன்று அவர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இதில் எது உங்கள் பெயர் என்று கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்டார். மற்றது யார் பெயர் என்று கேட்டதால் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. கால் மணி நேரம் வீண்.

புது விடுதியிலிருந்து கிளம்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இயந்திரம் ரசீது கொடுத்தது. அப்பாவின் பெயர், இரண்டு இரவு, நகர வரி, மீண்டும் வருக. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்பா வியன்னாவில் தங்கியதற்கு அதில் சான்று இருக்கிறது. நான் தங்கியதற்கு எதுவும் இல்லை.