இணை வழிகாட்டிக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: பன்னாட்டு உறவும் வரலாறும் பயிலும் முதுகலை மாணவன்.

பெறுநர்: ஆவணப் பிரிவு உயர் அலுவலர், பிரிட்டன் வெளியுறவு, காமன்வெல்த், வளர்ச்சி அலுவலகம், லண்டன்.

பொருள்: ஆய்வேட்டுக்கு இணை வழிகாட்டியாக இசைவு கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

உங்கள் நாட்டில் ஓராண்டு முதுகலை படிக்க வெளிநாட்டு மாணவர் கட்டும் கட்டணம் சாதாரணமாக இருபதாயிரம் பவுண்டைத் தாண்டும். இவ்வளவு வாங்கிக்கொண்டும், ஆய்வேட்டில் என்ன எழுதலாம் என்பதை உண்மையில் தீர்மானிப்பவர் யார் என்று துறை சொல்லித் தருவதில்லை. முதல் பக்கத்தில் பேராசிரியர் பெயர் மட்டும் போடச் சொல்கிறார்கள். அதற்குக் கீழே உங்கள் அலுவலகத்தின் பெயரையும் சேர்க்க விரும்புகிறேன்.

படிப்பில் இரண்டு தரப்பு. பன்னாட்டு உறவுக்காரர்களுக்குக் கோட்பாடு வேண்டும்: யதார்த்தவாதமா, தாராளவாதமா, கட்டமைப்புவாதமா? இதற்கு நூலகத்தில் பதில் உண்டு. வரலாற்றுக்காரர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "மூல ஆவணம் எங்கே?" இதற்கு உங்களிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

என் தலைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1949 ஏப்ரல் 28 அன்று லண்டன் பிரகடனம் வெளியானது. குடியரசான பின்னும் இந்தியா காமன்வெல்த்தில் நீடிக்கலாம் என்று எல்லோரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள். சரியாக ஆறு நாள் கழித்து, மே 4 அன்று, கோலாலம்பூர் புடு சிறையில் மலாயாத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது மலாயாவின் நெருக்கடிநிலைச் சட்டப்படி குற்றச்சாட்டு. இந்திய அரசு மன்றாடியும் பலிக்கவில்லை. அந்த ஆறு நாளில் லண்டனில் யார் யாருக்கு என்ன குறிப்பு எழுதினார்கள்? இந்தியாவைக் கவனித்தது காமன்வெல்த் உறவு அலுவலகம். மலாயாவைக் கவனித்தது காலனி அலுவலகம். இரண்டும் 1966இல் ஒன்றாகி, 1968இல் உங்களுக்குள் வந்து ஐக்கியமாயின. ஆகவே நான் தேடும் இரண்டு மேசைகளும் இப்போது உங்கள் வீட்டில்தான்.

மேசைகள் இருக்கும். காகிதங்கள்? 1957இல் மலாயா விடுதலை பெறும் முன், ஐந்து லாரி நிறைய ஆவணங்கள் சிங்கப்பூர் கடற்படைத் தளத்து எரிஉலைக்குப் போயின. அவற்றில் கணபதி பற்றிய காகிதமும் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆதாரமில்லாமல் பேசக் கூடாது என்பது முதல் பருவத்துப் பாடம். ஆதாரத்தை எரித்தவர்களுக்கு இந்தப் பாடம் எவ்வளவு வசதி என்பது மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆய்வு நெறிமுறை வகுப்பில் உங்கள் 1961ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையையும் அதையொட்டி வந்த உத்தரவுகளையும்தான் பாடமாக வைக்க வேண்டும். சுற்றறிக்கை காலனி அமைச்சர் இயன் மக்லியோட் காலத்தது. மாட்சிமை தங்கிய அரசுக்குச் சங்கடம் தரக்கூடிய எதுவும் விடுதலை பெறும் காலனிகளின் புதிய அரசுகளுடைய கைக்குப் போகக் கூடாது. எரித்தால் சாம்பலாகும்வரை எரித்து, அந்தச் சாம்பலையும் உடைத்துக் கலைக்க வேண்டும். கடலில் போடுவதென்றால் கனம் கட்டிய பெட்டியில் வைத்து, கரையிலிருந்து இயன்றவரை தள்ளி, நீரோட்டம் இல்லாத ஆழத்தில் போட வேண்டும். ரகசியக் கோப்பை உருவிய இடம் வெறுமையாகத் தெரியாதிருக்க ஒரு போலிக் கோப்பைச் செருக வேண்டும். கென்யாவில் ரகசியமென்று பிரித்து 'வாட்ச்' முத்திரை குத்திய தாள்களை ஐரோப்பிய வம்சாவளிப் பிரிட்டன் குடிமக்கள் மட்டுமே தொடலாம். எங்கள் அடிக்குறிப்பு விதிகள்கூட இவ்வளவு கறார் இல்லை.

எரியாமல் தப்பியவற்றைப் பாதுகாத்த விதமும் தனி அழகு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள் எங்கள் ஊரில். 37 முன்னாள் காலனிகளின் சுமார் 8,800 கோப்புகளை பக்கிங்ஹாம்ஷயரின் ஹான்ஸ்லோப் பார்க்கில் பல்லாண்டு மறைத்து, பழமொழியைப் பொய்யாக்கினீர்கள். 2011இல் அவை வெளிவந்தது எந்தப் பேராசிரியர் கேட்டும் அல்ல. மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்துத் தடுப்பு முகாம்களில் சித்திரவதைப்பட்ட கென்ய முதியவர்கள் நீதிமன்றம் ஏறியதால். 2013இல் 5,228 பேருக்கு 1 கோடியே 99 லட்சம் பவுண்டில் உடன்பாடு ஆனது. முதுகலைக் கட்டணத்தை வழக்கறிஞரிடம் கட்டியிருந்தால் மூல ஆவணம் சீக்கிரம் கிடைத்திருக்குமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

இதெல்லாம் பழங்கதை என்பீர்கள். 1978 முதல் 1980 வரையிலான இலங்கைக் கோப்புகளில் ஏறக்குறைய 200-ஐ அழித்துவிட்ட செய்தி 2018இல்தான் தெரியவந்தது. 2014இல் இந்தியப் பெருங்கடல் தீவான டியாகோ கார்சியாவின் விமானப் பதிவேடுகளைக் கேட்டபோது அவை நீரில் சேதமடைந்தன என்றார் உங்கள் அமைச்சர். சில நாளிலேயே, உலர்த்தியாகிவிட்டது, எதுவும் இழக்கவில்லை என்று செய்தி வந்தது. இந்த ஒரு நிகழ்வை விளக்க மூன்று கோட்பாட்டுக்காரர்களையும் அழைத்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆகையால் இணை வழிகாட்டிப் படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அதிகாரத்தைத் திருத்த வேண்டாம். அதன் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கனவே நீக்கித் தந்திருக்கிறீர்கள். 'போதிய சான்று கிட்டவில்லை' என்ற முடிவுரையும் தயார்.

துறை மூன்று பிரதி கேட்கிறது. நூலகத்துக்கு ஒன்று, பேராசிரியருக்கு ஒன்று, இணை வழிகாட்டிக்கு ஒன்று. உங்கள் பிரதியோடு அதே கனத்தில் ஒரு போலிப் பிரதியும் சேர்த்து அனுப்ப வேண்டுமா, அல்லது அதை அலுவலகமே செய்துகொள்ளுமா என்பதைத் தெரிவித்தால் தபால் செலவைக் கணக்குப் போட உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மாணவன்