செல்லோவைச் சுரண்டுன பெரியவரும் எங்க மருமவனும்

வா மருமவனே, இப்படி உக்காரு. எல்லாப் பாட்டும் ஒண்ணுபோல இருக்கு, நான் இனிமே புதுமை இசைதான் பண்ணுவேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே? கீபோர்டை முழங்கையால இடிச்சு, அதைப் போன்ல பதிஞ்சு நாலு பேருக்கு அனுப்பியும் வச்சிருக்கியாம். உங்கம்மா அரண்டுபோயி எங்கிட்ட வந்தா. பயப்படாத தங்கச்சி, இந்தக் கூத்தை ஜெர்மனியில ஒருத்தரு அறுபது வருசமாப் பண்ணுதாரு, கெட்டா போயிட்டாருன்னு கேட்டேன். அவரு கதையச் சொல்லுதேன், நீயும் அந்த வழியிலயே போயேன். யாரு தடுக்கா?

பேரு ஹெல்முட் லாஹென்மன். 1935-ல ஸ்டுட்கார்ட்ல பொறந்தாரு. அப்பா புராட்டஸ்டண்ட் பாதிரியாரு. பையன் எடுத்த எடுப்புலயே வயலினைத் தலைகீழாப் புடிக்கல. அந்த ஊரு இசைக் கல்லூரியில 1955-லருந்து மூணு வருசம் பியானோ படிச்சாரு. யோஹான் நெபோமுக் டாவிட்டுன்னு ஒரு வாத்தியாருகிட்ட இசை இலக்கணம் படிச்சாரு. 1957-ல டார்ம்ஷ்டாட்ல நடந்த கோடை வகுப்புல இத்தாலிக்காரர் லூயிஜி நோனோவைப் பாத்தாரு. நமக்குக் குரு இவருதான்னு மறுவருசமே வெனிஸுக்குப் போயி, ரெண்டு வருசம் அவருகிட்ட இருந்து பாடம் கேட்டாரு. நீ யாருகிட்ட, எத்தனை நிமிசம் பாடம் கேட்டே? சரி விடு, அது குடும்ப ரகசியம்.

குசும்பு அதுக்கப்புறந்தான். பாரிஸ்ல பியர் ஷெஃபர் 1948-லயே ரயில் சத்தத்தைப் பதிவு பண்ணி, கோத்து இசையாக்கிட்டாரு. லாஹென்மன் யோசிச்சாரு: பதிவுக் கருவி எதுக்கு, வாத்தியத்துலயே அதைப் பண்ணுனா என்ன? எந்தக் கை எதை எவ்வளவு அழுத்துது, எது எதுல ஒரசுது, மூச்சு எங்க தட்டுது, அதையே கேக்க வைப்போமே! 1969-ல 'பிரெஸ்ஸியோன்'னு தனிச் செல்லோவுக்கு ஒண்ணு எழுதுனாரு. வில்லை அழுத்தி நறநறக்க வைக்கணும், தந்திமேல விரலை ஓட்டணும், தந்தியைத் தாங்குத பாலத்துமேலயே வில்லை இழுக்கணும். மறுவருசம் 'குவேரோ'. பியானோவுல ஒரு கட்டையக்கூட அமுக்கப்படாது, நகத்தால மேலாக்க வழிச்சுக்கிட்டே போணும். அவ்வளவு வெலை குடுத்துப் பியானோ வாங்குனவன் வயிறு என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனா ஒண்ணு கவனி. இதெல்லாம் தோணுனபடி சுரண்டுதது இல்ல. கை எங்க இருக்கணும், எந்தப் பக்கம் நகரணும், எவ்வளவு நேரம், எல்லாத்தையும் தாள்ல குறிச்சு வச்சிருக்காரு. அதுக்குன்னே புதுக் குறியீடு உண்டாக்குனாரு. நீ நேத்து இடிச்சியே ஒரு இடி, அதை நாளைக்கு அச்சுப்பிசகாம இன்னொருக்க இடிப்பியா? இடிக்க மாட்டே. அதனால அதுக்குப் பேரு புதுமை இல்ல, முழங்கை.

நம்ம காது செக்குமாடு மருமவனே, சுத்துன தடத்துலயேதான் சுத்தும். அந்த மாட்டை அவுத்துவிடத்தான் அவரு பாடுபட்டாரு. மாடு சும்மா இருக்குமா, முட்டுச்சு. வாத்தியத்தை அவமானப்படுத்துதாருன்னு வாசிக்கவங்களே முனகுனாங்க. ஹான்ஸ் வெர்னர் ஹென்ஸேங்கிற பெரிய இசையமைப்பாளரு, இது எதையும் மறுத்துக்கிட்டே இருக்க இசைன்னு குத்திக்காட்டுனாரு. லாஹென்மன் பகிரங்கமாக் கடிதம் எழுதிச் சண்டை புடிச்சாரு. அழகு வேண்டாம்னு நான் சொல்லல, பழகிப்போனதையே அழகுன்னு சொல்லாதீங்கங்கிறதுதான் அவரு கட்சி.

அப்படியே சுரண்டிக்கிட்டே இருந்திருந்தா நானும் இவ்வளவு நேரம் பேச மாட்டேன். மனுசர் மாறிக்கிட்டே வந்தாரு. 1976-ல முடிச்ச 'அக்காந்தோ'வுல மொசார்ட்டோட கிளாரினெட் கான்செர்ட்டோ ஒலிநாடாவுல கேக்காமலே ஓடிக்கிட்டிருக்கும், நடுநடுவுல சட்டுனு தலைகாட்டிட்டு மறைஞ்சிரும். 1980-ல பியானோவுக்கு 'ஒரு குழந்தை விளையாட்டு'ன்னு ஏழு சின்னத் துண்டு. முதல் துண்டுல பிள்ளைங்க பாட்டோட தாளத்தை வச்சுக்கிட்டு, மேல்கோடிக் கட்டையிலருந்து ஒவ்வொண்ணாக் கீழ எறங்குவாரு. 1997-ல ஹாம்பர்க் ஓபராவுல 'தீக்குச்சி விக்கிற சிறுமி' அரங்கேறுச்சு. ஆண்டர்சன் கதைதான். அதுக்குள்ள லியனார்டோ டா வின்சி எழுத்தையும், சிறையில செத்துப்போன தீவிரவாதி குட்ருன் என்ஸ்லின் எழுத்தையும் சேத்தாரு. குளிர்ல வெறைக்க பிள்ளையப் பாட்டாப் பாடிக் காட்டாம, தெர்மாக்கோலை ஒரசி நம்ம ஒடம்பு சிலுக்க வச்சாரு. அந்த வருசமே ஏர்ன்ஸ்ட் ஃபான் சீமென்ஸ் பரிசும் வந்துச்சு.

கடைசிக் குசும்பு இன்னும் பெருசு. இவரு பேரைச் சொல்லிச் சுரண்டுத கூட்டம் ஒண்ணு ஒலகம் பூரா பெருகிப்போச்சு. 2018 புத்தாண்டு அன்னைக்கு ஸ்டுட்கார்ட்ல இவரோட 'மார்ச் ஃபத்தால்' ஆர்க்கெஸ்ட்ராவுல அரங்கேறுச்சு. கேக்க வந்தவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சுரண்டலைக் காணோம்! தாளம் தப்பாத, வாயில முணுமுணுக்கலாம் போல ஒரு மார்ச்சு. அதே வருசம் மியூனிக்ல எட்டு ஹார்னை நிறுத்தி ஒண்ணு அரங்கேத்துனாரு, பேரு 'என் மெல்லிசைகள்'. எண்பது தாண்டுனவரு குறும்பைப் பாத்தியா? சுரண்டலே ஒரு பழக்கமாயிட்டா அதையும் தூக்கிப்போடத் தயங்காதவருன்னு எனக்குத் தோணுச்சு.

அதனால மருமவனே, எதையாவது ஒடைக்கணும்னா தாராளமா ஒடை. ஆனா அது எப்படிக் கட்டுனதுன்னு முதல்ல படி. இன்னைக்கு ராத்திரி 'பிரெஸ்ஸியோனை' ஒருக்க முழுசாக் கேளு. புடிக்கலன்னாத் தப்பே இல்ல. ஏன் புடிக்கலன்னு எனக்கு நாலு வார்த்தை ஒழுங்காச் சொல்லு. அது சொல்லத் தெரியாதவன் புதுமை பண்ண வரப்படாது.