தவ்பீக் வரட்டும் மாமு!

“அல்லா தவ்பீக் குடுத்தா தொழுவேன் மாமு”ன்னு சொல்றியே மருமவனே, உன் அடக்கத்துக்கு வாயில சீனி அள்ளிப் போடணும்! நிக்காஹ் வீட்டுல சஹன் வைக்கிறப்ப மட்டும் நீ தவ்பீக்குக்குக் காத்திருந்து நான் பாத்ததே இல்ல. துபாய் பிளைட்டுன்னா ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருக்கே. சுபுஹுக்கு மட்டும் மலக்கு வந்து போர்வைய உருவணுமாக்கும்.

நீ பேசுறது ஒண்ணும் புதுசு இல்லப்பா. மதீனாவுல பகீஉ கபுருஸ்தான்ல ஒரு ஜனாசாவுக்குப் போன இடத்துல, அவங்கவங்க போய்ச் சேர்ற இடம் எழுதியாச்சுன்னு ரசூலுல்லா சொன்னாங்க. கூட இருந்தவங்க, அப்ப அந்த எழுத்தையே நம்பிச் சும்மா இருந்துறலாமான்னு கேட்டுட்டாங்க. அமல் செய்யுங்க, யார் எதுக்குப் படைக்கப்பட்டாங்களோ அது அவங்களுக்கு லேசாக்கப்படும்னு பதில் வந்துச்சு. சொன்ன கையோட ஓதினது வல்லைலி சூராவோட ஆயத்துகள். புகாரியில இருக்கு, அலி அவங்க அறிவிச்சது.

குர்ஆன்ல அது 92-வது சூரா, 21 ஆயத்து. வரிசைய மட்டும் கவனி. குடுத்தவன், அல்லாவுக்கு அஞ்சினவன், நல்லத உண்மைன்னு ஏத்துக்கிட்டவன். இத்தனைக்கும் பெறகுதான் வழி லேசாகுது. நீ என்னடான்னா மூணையும் தாண்டிக் குதிச்சு, கடைசியில வர்ற லேசுக்கு இப்பவே துண்டு போட்டு வச்சிருக்கே! ஏத்தத்துல வண்டி தள்ளுறவனுக்குப் பின்னாலேருந்து ஒரு கை சேரும். திண்ணையில சாஞ்சிருக்கவனைத் தள்ளுனா குப்புறத்தான் விழுவான்.

இதுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. கஞ்சத்தனம் பண்ணி, எவன் தயவும் வேணாம்னு நிமிந்து நின்னு, நல்லதப் பொய்யின்னவனுக்கும் லேசாக்கித் தாறோம்னுதான் அல்லா சொல்றான். எதை? கஷ்டத்துக்குப் போற ரோட்டை. அதனால ‘எல்லாம் ஈசியாப் போகுது மாமு’ன்னு நீ சொல்றப்பெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்குது.

குடுத்தவனுக்கு ஒரு ஆளக் காட்டவா? மக்காவுல உமையா, தன் அடிமையா இருந்த பிலாலைச் சுடுமணல்ல கிடத்தி நெஞ்சுல பாறைய வச்சான். அபூபக்கர் தன் காசப் போட்டு அவரை மீட்டு விடுதலை செஞ்சாங்க. சூராவோட கடைசி ஆயத்துகள் அபூபக்கரைப் பத்தித்தான்னு தப்ஸீர்க்காரங்க நெறைய பேர் சொல்றாங்க. வர்த்தகர் கையிலேருந்து காசு போறது லேசான காரியமா? உன் மாமனார் கடையில போய் கேட்டுப் பாரு.

லேசாக்கிறதுல அல்லா ஒரு குறையும் வைக்கல. மிஃராஜ்ல 50 வேளை தொழுகை கடமையாகி, மூஸா நபி திரும்பத் திரும்பப் போய் கேக்கச் சொல்லி, 5-க்கு வந்து நின்னுச்சு. கூலி மட்டும் 50-க்கு உள்ளதுதான். தண்ணி இல்லையா, தயம்மும். பயணமா, 4 ரக்அத்து 2 ஆகும். சுகமில்லையா, நோன்பப் பின்னால பிடிச்சுக்கலாம். இந்தச் சலுகையெல்லாம் உனக்கு மனப்பாடம். கடமைதான் மறந்து போகுது.

சரி, சூரா சொல்ற மொத வேலையிலேருந்தே ஆரம்பி. ஜகாத்து 100-க்கு இரண்டரை ரூவா. மீதி தொண்ணூத்தேழரையும் உனக்குத்தான், நான் கேக்கல. வருசக் கணக்க இன்னிக்கே போடு. கூட்டல் வரலேன்னா என் பேத்திகிட்ட கால்குலேட்டர் இருக்கு, வாங்கித் தாறேன்.